இது எப்படி விழும்?

எங்கள் தஞ்சாவூர் வீட்டுக் கூடத்தில் ஒரு கடப்பைக் கல் பலகை இருக்கிறது. நீளம் இரண்டடி. 2006-இல் தொடங்கித் தமிழ்நாடு அரசு வீடு வீடாக 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி கொடுத்ததே, அதை வைப்பதற்காக அப்பா சுவரில் பதித்தது. அந்தப் பெட்டி முன்பக்கம் சின்னது, பின்பக்கம் பானை போலப் பருத்தது. பலகைமேல் உட்கார்ந்தால் பிள்ளையார் மாதிரி அசையாது. போன வருடம் அது கண்ணை மூடிவிட்டது. 43 அங்குலத்தில் புது டிவி வாங்கினோம். தூக்கிப் பலகைமேல் வைக்கப் போனால் ஒரு கால் கல்லில் நிற்கிறது, இன்னொரு கால் அந்தரத்தில் தொங்குகிறது! இந்த ஒல்லி டிவிகள் பலவற்றுக்குக் கால்கள் இரண்டும் இரண்டு ஓரங்களில் இருக்கின்றன. பழைய மேசையும் பலகையும் அவற்றுக்குப் பற்றுவதில்லை.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் (வீட்டில் அவள் பெயர் குட்டி, ஆறாம் வகுப்பு) டேப்பை எடுத்து டிவியின் திரையை அளந்தாள். முகம் மாறிவிட்டது.

“மாமா, ஏமாத்திட்டாங்க. 43 அங்குலம்னா 109 செ.மீ. வரணும். இது 95 தான் இருக்கு.”

“குறுக்கே வச்சு அளந்து பாரு. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு.”

சரியாக 109 வந்தது. டிவிக்குச் சொல்லும் அங்குலம் அகலமும் இல்லை, உயரமும் இல்லை, மூலைவிட்டம். இந்தத் திரையின் அகலத்தைப் 16 பங்காகப் பிரித்தால், உயரம் அதில் 9 பங்கு. அதனால் 43 அங்குலத் திரை 95 செ.மீ. அகலம், 53.5 செ.மீ. உயரம். 95-ஐ 95-ஆல் பெருக்கி, 53.5-ஐ 53.5-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள். பிதாகரஸ் வந்து 109-இல் நிற்பார்.

டிவியைச் சுவரில் மாட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுச் சுவர் பழைய சுண்ணாம்புச் சுவர். ஆணி அடித்தால் மணலாக உதிரும். 9 கிலோ டிவியை அதை நம்பி விட முடியாது. தவிர, சுவரில் மாட்டியது மாட்டியதுதான், ஏறாது, இறங்காது. எங்களுக்கு ஏறி இறங்கும் டிவி வேண்டும்.

ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஆளுக்கு ஒரு முறை சுவரோரம் உட்கார்ந்து, தரையிலிருந்து கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். நாற்காலியில் உட்காரும் அப்பாவுக்கு 112 செ.மீ. வந்தது. பாயில் சம்மணம் போட்டு உட்காரும் குட்டிக்கு 66. எல்லாரையும் எழுதிப் பார்த்ததில் குட்டி ஒன்றைக் கண்டுபிடித்தாள். அப்பாவையே தரையில் உட்கார வைத்தால் அவர் கண்ணும் 70-க்கு வந்துவிடுகிறது. தாத்தாவுக்கும் பேத்திக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி நாற்காலியின் உயரம்தான்!

திரையின் நடுப்பகுதி கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் கழுத்து வலிக்காது. அப்படியானால் வருடத்தில் பத்து மாதம் அப்பாவுக்காக 106 செ.மீ. உயரத்தில் டிவி நிற்க வேண்டும். விடுமுறையில் அக்கா பிள்ளைகள் பாய் விரித்தால் 64-க்கு இறங்க வேண்டும். நடுவே 42 செ.மீ. கடையில் கிடைக்கும் டிவி நிலைகள் (ஸ்டாண்டுகள்) எங்கள் கணக்குக்கு ஒத்துவரவில்லை. நாமே செய்வோம் என்று முடிவு செய்தோம்.

தெருக்கோடியில் ஓர் ஆசாரி இருக்கிறார். எழுபது வயது. எனக்கு அண்ணன், குட்டிக்கு ஆசாரி தாத்தா. நாங்கள் வரைந்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம். இரண்டு தூண், கீழே பாதம், மேலே டிவி. அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லா இருக்கு பாப்பா. இது எப்படி விழும்?”

“விழாது தாத்தா.”

“விழாத சாமான் ஒலகத்துல இல்ல. எப்படியெல்லாம் விழும்னு யோசிச்சு எழுதிட்டு வா. அப்புறம் உளியைத் தொடலாம்.”

குட்டிக்கு முதலில் கோபம். ராத்திரி சாப்பிடும்போது அவளே எழுத ஆரம்பித்துவிட்டாள். முன்னால் கவிழும். பக்கவாட்டில் சாயும். துளை கிழியும். போல்ட் நழுவும். யாராவது ஓடி வந்து மோதுவார்கள். கடைசியாக, தம்பி தொங்குவான்.

அந்தத் தாளைத்தான் ஆசாரி அண்ணன் தன் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்தார்.

மரத்துக்குப் பழைய மரக்கடைக்குப் போனோம். இடித்த வீடுகளின் கதவு நிலை, ஜன்னல், உத்திரம் எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். பழைய தேக்குக் கதவு நிலை ஒன்று கிடைத்தது. வைரம் பாய்ந்த கட்டை. பழைய மரத்தில் ஒரு லாபம்: உலர வேண்டியதெல்லாம் எப்போதோ உலர்ந்துவிட்டது, வளைய வேண்டியது வளைந்துவிட்டது. இனிமேல் நம்மைப் புதிதாக ஏமாற்றாது. ஒரு நட்டமும் உண்டு. உள்ளே பழைய ஆணி ஒளிந்திருக்கும். ரம்பத்தின் பல்லை உடைத்துவிடும். குட்டி ஒரு காந்தத்தை நூலில் கட்டி மரத்தின்மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போனாள். ஐந்து இடத்தில் காந்தம் தலையைத் திருப்பியது. ஐந்திலும் ஆணி. ஆசாரி அண்ணனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. அந்தக் காந்தம் இப்போது அவரிடம்தான் இருக்கிறது, திரும்பி வரவில்லை.

மரத்தை அறுப்பதற்கு முன் ஒரு செய்தித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாகக் கிழியுங்கள், நேர்கோடாகக் கிழியும். இடமிருந்து வலமாகக் கிழித்துப் பாருங்கள். கோணல் மாணலாகப் போகும். காகிதம் நார்க்கூழில் செய்தது. ஆலையில் தாள் ஓடும் திசையில் நார்கள் படுத்துக்கொள்கின்றன. நாரோடு போனால் எளிது, நாரை வெட்டிக்கொண்டு போனால் கடினம். மரமும் அப்படித்தான். ஓர் ஈர்க்குமாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஈர்க்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் பிரிப்பது சுலபம், மொத்தக் கட்டையும் குறுக்கே ஒடிப்பது கஷ்டம். அதனால்தான் விறகு பிளப்பவர் கோடரியை நார் ஓடும் திசையில் போடுகிறார். அதனால்தான் ஒட்டுப்பலகையில் ஒரு தாளின் நார் நெடுக்கே ஓடினால் அடுத்த தாளின் நாரைக் குறுக்கே வைத்து ஒட்டுகிறார்கள்.

இந்த நார் விஷயம்தான் எங்கள் முதல் திட்டத்தைக் கெடுத்தது. திட்டம் எளியது. ஒவ்வொரு பக்கமும் ஒரு தூண். தூணுக்கு முன்னால் அதோடு ஒட்டி நகரும் ஒரு சட்டம். சட்டத்தில்தான் டிவி இருக்கும். தூணில் வரிசையாகத் துளைகள், சட்டத்தில் ஒரு துளை. இரண்டையும் நேராக்கி ஒரு போல்ட் செருகினால் டிவி அந்த உயரத்தில் நிற்கும். ஒரு செ.மீ.க்கு ஒரு துளை போட்டால் வேண்டிய உயரமெல்லாம் கிடைக்கும் என்றாள் குட்டி.

ஆசாரி அண்ணன் பென்சிலால் மரத்தில் வரைந்து காட்டினார். போல்ட் 8 மி.மீ. தடிமன். மழைக்காலத்தில் மரம் உப்பிப் போல்ட்டைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் துளையை 9 மி.மீ. போட வேண்டும். ஒரு செ.மீ.க்கு ஒரு துளை என்றால் இரண்டு துளைகளுக்கு நடுவே மிஞ்சுவது 1 மி.மீ. மரம். அதுவும் நார் ஓடும் திசையிலேயே வரிசையாக!

“தபால்தலை ஓரத்துல ஓட்டை ஓட்டையா இருக்குமே, எதுக்கு பாப்பா?”

“கிழிக்கிறதுக்கு...”

“தூணுக்கும் அதான்.”

ஐந்து செ.மீ.க்கு ஒரு துளை போதும், வீட்டு டிவிக்கு அதற்கு மேல் நுணுக்கம் வேண்டாம் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். உண்மையைச் சொன்னால் அது நியாயமான தீர்ப்புதான். ஆனால் எனக்குள் ஒரு பழைய பள்ளிக்கூடப் பாடம் முண்டியது.

ஒன்பதாம் வகுப்பு போனதும் நீங்கள் வெர்னியர் அளவி என்ற கருவியைப் பார்ப்பீர்கள். பிரெஞ்சு மொழி பேசிய பியர் வெர்னியர் என்பவர் 1631-இல் வெளியிட்ட நூலில் அதன் தந்திரத்தைச் சொன்னார். சாதாரண அளவுகோலில் மி.மீ. வரைக்கும் படிக்கலாம். அதைவிட நுணுக்கமாகக் கோடு போட்டால் கோடுகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. வெர்னியர் பக்கத்தில் இன்னொரு குட்டி அளவுகோலை வைத்தார். இன்றைய வெர்னியர் அளவியில் அந்தக் குட்டி அளவுகோலில் 9 மி.மீ. தூரத்தைப் பத்தாகப் பிரித்திருக்கும். அதனால் ஒரு பிரிவு 0.9 மி.மீ. பெரியதில் ஒரு பிரிவு 1 மி.மீ., சின்னதில் 0.9 மி.மீ. இரண்டின் வித்தியாசம் 0.1 மி.மீ. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் அளக்கிறோம். நெருக்கமாகக் கோடு போடாமலேயே நெருக்கமான அளவு கிடைத்துவிடுகிறது!

கோட்டுக்குப் பதில் துளை என்று வைத்துக்கொண்டால்?

தூணில் 5 செ.மீ.க்கு ஒரு துளை, மொத்தம் 11. நகரும் சட்டத்தில் 4 செ.மீ.க்கு ஒரு துளை, மொத்தம் 5. கீழிருந்து எண் போட்டுக்கொண்டோம்: தூண் 1 முதல் 11 வரை, சட்டம் 1 முதல் 5 வரை. இப்போது போல்ட்டைத் தூணில் ஒரு துளை மேலே கொண்டுபோனால் டிவி 5 செ.மீ. ஏறும். சட்டத்தில் ஒரு துளை மேலே மாற்றினால் என்ன ஆகும்? சட்டையை ஆணியில் மாட்டும்போது கழுத்தில் மாட்டாமல் தோளுக்கு மேலே ஒரு கயிறு கட்டி மாட்டினால் சட்டை இறங்கித்தானே தொங்கும்? அதுபோல டிவி 4 செ.மீ. இறங்கும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் 5 ஏறி 4 இறங்கி, மொத்தம் 1 செ.மீ. ஏற்றம்.

குட்டி அட்டையில் இரண்டு பட்டைகள் வெட்டி, குத்தூசியால் துளை போட்டுப் பார்த்தாள். நீங்களும் செய்து பார்க்கலாம், பத்து நிமிட வேலை. 16 துளைகளில் 64 முதல் 106 வரை ஒவ்வொரு செ.மீ. உயரமும், அதாவது 43 உயரங்களும், விடாமல் கிடைத்தன. அதற்கு மேலும் கீழும் இடைவெளி விட்டு இன்னும் சில உயரங்கள் வரும், அவை எங்களுக்குத் தேவைப்படவில்லை. இரண்டு துளைகளுக்கு நடுவே இப்போது 3 செ.மீ.க்கு மேல் மரம் இருக்கிறது. ஆசாரி அண்ணன் அட்டையை ரொம்ப நேரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சட்டத்தில் 4 செ.மீ. குறியும் தூணில் 5 செ.மீ. குறியும் அவரே போட்டு வைத்திருந்தார். துளை போடும் மெஷினை அவரும் நானும் பிடித்துக்கொண்டோம். அந்த வேலை பெரியவர்களுக்கு உரியது, பக்கத்தில் நின்று தூசி ஊதுவது உங்களுக்கு உரியது.

அடித்தளம் இப்படி. தூணின் அடியில் கழுந்து செதுக்கி, பாதக்கட்டையில் அதே அளவு துளை வெட்டி, பசை தடவி, கொட்டாப்புளியால் தட்டி இறக்கினார். இரண்டு தூண்களையும் கீழே ஒரு பலகையும் மேலே ஒரு குறுக்குச் சட்டமும் சேர்த்தன. பார்க்க ஜம்மென்று இருந்தது. குட்டி பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினாள். மொத்தச் சட்டகமும் ஒரு பக்கமாகச் சரிந்து திரும்பி வந்தது.

ஐஸ் குச்சி நாலு எடுத்து மூலைகளில் குண்டூசி குத்திச் சதுரம் செய்யுங்கள். தொட்டால் சாய்ந்து இணைகரம் ஆகிவிடும். பக்கங்களின் நீளம் மாறவே இல்லை, ஆனாலும் உருவம் மாறிவிடுகிறது. மூன்று குச்சியில் முக்கோணம் செய்யுங்கள். எவ்வளவு தள்ளினாலும் அசையாது. ஒரு குச்சி நீண்டால்தான் அல்லது முறிந்தால்தான் அதன் உருவம் மாறும். அதனால் தூண்களுக்குப் பின்னால் மூலைக்கு மூலை ஒரு சாய்கட்டை அடித்தோம். ஒரு சதுரம் இரண்டு முக்கோணமாகியது, ஆட்டம் நின்றது. மூலைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க மூலைமட்டமே தேவையில்லை. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் போதும். இரண்டும் சமமாக வந்தால் சட்டகம் கோணவில்லை. டிவியில் ஏமாந்த டேப் இங்கே பழி தீர்த்துக்கொண்டது.

டிவியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். நான்கு துளைகள் சதுரமாகவோ செவ்வகமாகவோ இருக்கும். எங்களுடையதில் துளைக்குத் துளை 200 மி.மீ. இஷ்டத்துக்குப் போட்ட துளைகள் அல்ல அவை. வெசா என்ற அமைப்பு வகுத்த தரத்தில் 100, 200, 400 என்று அளவுகள் உண்டு. எந்தக் கம்பெனி டிவியானாலும் எந்தத் தாங்கியானாலும் பொருந்துவதற்காக இந்த ஏற்பாடு. நாங்கள் சட்டங்களுக்குக் குறுக்கே இரண்டு கட்டைகளை 200 மி.மீ. இடைவெளியில் அடித்து, அவற்றில் துளை போட்டோம். திருகாணியின் நீளத்தை மட்டும் கவனிக்க வேண்டும். கட்டையின் தடிமனைத் தாண்டி டிவிக்குள் ரொம்ப நீண்டால் உள்ளே எதையாவது குத்திவிடும்.

டிவியை உடனே மாட்டவில்லை. 10 கிலோ அரிசிப் பையைக் குறுக்குக் கட்டைகளின் முன்பக்கம் கட்டினோம். டிவிக்கு ஒத்திகை. இந்த ஒத்திகையில்தான் என் மானம் போனது.

நான் சொன்னேனே, சட்டம் தூணுக்கு முன்னால் ஒட்டி நிற்கும் என்று. திட்டம் அதுதான். ஆனால் ஆசாரி அண்ணன் ஊரில் இல்லாத ஒரு நாள், நானே புத்திசாலித்தனமாகச் சட்டத்தைத் தூணின் பக்கவாட்டில் வைத்து, போல்ட்டை இடமிருந்து வலமாகச் செருகியிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது, போல்ட் தலை முன்னால் தெரியவில்லை. அரிசிப் பையைக் கட்டிக் கையை விட்டதும் சட்டம் அப்படியே முன்னால் குனிந்து பெரிய கும்பிடு போட்டது. அரிசிப் பை தரையில்.

என்ன நடந்தது? இரண்டு பக்கத்துப் போல்ட்டுகளும் இடமிருந்து வலமாக ஒரே கோட்டில் நின்றன. ஒரே கோட்டில் இரண்டு கம்பி இருந்தால் அது கதவின் கீல். கதவு அந்தக் கோட்டைச் சுற்றித் தாராளமாகச் சுற்றும். டிவியோ அரிசியோ அந்தக் கோட்டுக்கு முன்னால் கனக்கிறது, அதனால் சட்டம் முன்னால் சுற்றிவிட்டது. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் உராய்வை மட்டும் நம்பித்தான் நிற்க வேண்டும்.

போல்ட்டை முன்னிருந்து பின்னாகச் செருகினால் கதை வேறு. மேலே உள்ள கனம் சட்டத்தின் தலையை முன்னால் இழுக்கும். உடனே சட்டத்தின் அடிப்பாகம் பின்னால் தூணில் முட்டும். போக இடமில்லை. விழப் பார்க்கிற சட்டத்தை அதன் அடியே தூணில் அழுந்தித் தடுக்கிறது! போல்ட்டின் இரண்டு பக்கமும் அகலமான வாஷர் போட்டோம். இல்லாவிட்டால் இறுக்கும் நட் மெல்ல மரத்துக்குள் புதைந்துவிடும். வழவழப்பான உருண்டைத் தலை முன்பக்கம், நட் பின்பக்கம். மாற்றிப் போட்டால் போல்ட்டின் வால் டிவியின் முதுகைச் சொறியும்.

குட்டி தன் தாளில் “போல்ட் நழுவும்” என்பதற்குப் பக்கத்தில் “மாமா நழுவினார்” என்று எழுதினாள்.

அடுத்தது முன்னால் கவிழ்வது. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வீட்டில் இருந்தது. அரிசிப் பையோடு சட்டத்தை உச்சிக்கு ஏற்றி, 120 செ.மீ. உயரத்தில் கொக்கியை மாட்டி மெல்ல முன்னால் இழுத்தேன். பின்பாதம் தரையை விட்டு எழும்பும்போது தராசு காட்டியது நாலு கிலோ சொச்சம். அவ்வளவுதான்! இரண்டு தேங்காய் மூட்டையைத் தூக்கும் பலம் தேவையில்லை, ஒரு பூனை தாவினால் போதும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. எல்லாப் பொருளின் எடையும் ஒரு புள்ளியில் குவிந்தது போல வைத்துக்கொள்ளலாம். அது ஈர்ப்பு மையம். எங்கள் நிலையில் அது ஏறத்தாழத் தூண்களுக்கு நேரே இருந்தது. அதற்கு நேர் கீழே தரையில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி பாதங்களுக்குள் இருக்கும்வரை பொருள் நிற்கும், பாதத்தைத் தாண்டினால் கவிழும். பாதத்தின் முன்முனை அந்தப் புள்ளியிலிருந்து 25 செ.மீ. தூரத்தில் இருந்தது. மொத்த எடை 21 கிலோ. 21-ஐ 25-ஆல் பெருக்கி, இழுக்கும் உயரமான 120-ஆல் வகுத்தால் 4.4 கிலோ. தராசு சொன்னதும் அதுதான்.

கணக்கைப் பார்த்தாலே மருந்தும் தெரிகிறது. எடையைக் கூட்டலாம், பாதத்தை நீட்டலாம். கீழ்ப்பலகையில் 10 கிலோ மணல் பை ஒன்றை வைத்தோம்: 31 கிலோ, 6.5 ஆயிற்று. பாதக்கட்டையை முன்பக்கம் 10 செ.மீ. கூடுதல் நீளமுள்ளதாக மாற்றினார் ஆசாரி அண்ணன்: 35 செ.மீ., 9 கிலோ ஆயிற்று. கனத்தைக் கீழே வைத்ததில் இன்னொரு நன்மை, ஈர்ப்பு மையமும் இறங்கியது. நிலை எவ்வளவு சாய்ந்த பிறகு கவிழும் என்பதை அந்த உயரமும் பாதத்தின் நீளமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. எங்கள் ஊர்த் தலையாட்டிப் பொம்மையின் ரகசியமும் இதுதானே. கனமெல்லாம் அடியில், மேலே வெறும் கூடு. எவ்வளவு சாய்த்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடும்.

குட்டி சக்கரம் வைக்கலாமா என்று கேட்டாள். “தேருக்கே முட்டுக்கட்டை போட ஆள் நிக்குது, உன் டிவிக்கு யாரு நிப்பா?” என்று கேட்டார் ஆசாரி அண்ணன். சக்கரம் வேண்டாம் என்றாயிற்று.

ஆனால் தாளில் கடைசி வரி பாக்கி. தம்பி தொங்குவான். குட்டியின் தம்பிக்கு மூன்று வயது, 13 கிலோ. அவன் தொங்கியபடி முன்னால் சாய்ந்து இழுத்தால், எங்கள் நிலை தாங்குவது 9. என்ன செய்தாலும் இந்தக் கணக்கை மரத்தால் மட்டும் ஜெயிக்க முடியாது. பாதத்தை இன்னும் நீட்டினால் நடப்பவர்கள் காலை இடித்துக்கொள்வார்கள். சுவரில் கொக்கி நிற்காது. கண் முன்னாலேயே இருந்தது விடை: ஜன்னல் கம்பி. ஜன்னலோரம் நிலையை நிறுத்தி, இரண்டு தூண்களின் உச்சியிலிருந்தும் கனமான நாடா போட்டு, ஜன்னலின் இரும்புக் கம்பியில் இறுக்கிக் கட்டினோம். உங்கள் வீட்டில் உயரமான அலமாரியோ டிவி நிலையோ சும்மா நின்றுகொண்டிருந்தால், இன்று சாயங்காலமே பெரியவர்களிடம் சொல்லி அதைக் கட்டச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகுதான் டிவி ஏறியது. உயரத்தை மாற்ற இரண்டு பெரியவர்கள் டிவியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மூன்றாவது ஆள் போல்ட்டை மாற்ற வேண்டும். மின்சாரத்தை முதலில் நிறுத்த வேண்டும். வயரில் 42 செ.மீ. தளர்வு விட வேண்டும். இதை மறந்து ஒரு முறை செட்டாப் பெட்டியை இழுத்துக் கீழே போட்டேன். மொத்தத்தில் தினமும் ஏற்றி இறக்கும் சாமான் அல்ல இது. வருடத்துக்கு மூன்று நான்கு முறை, விடுமுறைக்கு விடுமுறை.

விடுமுறை முடிந்து பிள்ளைகள் போனார்கள். டிவி அப்பாவுக்காகத் தூண் 11, சட்டம் 4-க்கு ஏறியது. ஐப்பசி மழை வந்தது. கதவுகள் எல்லாம் வழக்கம்போல உப்பி நிலையில் இறுகின. நான் டேப்பை எடுத்துத் தூணின் துளைகளை அளந்தேன். கொஞ்சம்கூட மாறவில்லை. மரத்தின் நார்கள் ஈரத்தைக் குடித்தால் பருக்கும், நீளாது. ஈர்க்குமாறு நனைந்தால் கட்டு தடிக்கும், ஈர்க்கு நீளுமா? மரம் குறுக்கே சில விழுக்காடு வரை விரிந்து சுருங்கும். நெடுக்கே ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குகூடத் தேறாது. எங்கள் துளைகள் எல்லாம் நெடுக்கே வரிசையாக இருந்தன. 5-க்கும் 4-க்கும் உள்ள அந்த ஒரு செ.மீ. வித்தியாசத்தை மழையால் தொட முடியவில்லை. சும்மா இருந்த போல்ட்டை ஆட்டிப் பார்த்தேன். 9 மி.மீ. துளைக்குள் சுகமாக ஆடியது.

இந்த மே மாதம் குட்டி மறுபடி வந்தாள். வந்ததும் பாயைப் போட்டு, சுவரோரம் உட்கார்ந்து, கண் உயரத்தை அளக்கச் சொன்னாள். 69. ஒரு வருடத்தில் 3 செ.மீ. போன வருடம் அவளுடைய இடம் தூண் 1, சட்டம் 2. இப்போது தூண் 4, சட்டம் 5 என்று அவளே சொன்னாள். மூன்று படி, மூன்று செ.மீ. அப்பாவும் நானும் டிவியைப் பிடித்துக்கொள்ள, அக்கா போல்ட்டை மாற்றினாள்.

அந்த நேரம் பார்த்து ஆசாரி அண்ணன் வந்தார். சட்டத்தில் போல்ட் ஐந்தாவது துளையில் இருப்பதைப் பார்த்தார். அதற்கு மேல் துளை இல்லை.

“அடுத்த வருஷம் இன்னும் ஒரு செண்டிமீட்டர் வளந்துட்டா என்ன பண்ணுவே பாப்பா?”

குட்டி கொஞ்ச நேரம் தூணைப் பார்த்தாள். “ரெண்டுலயும் ஒண்ணாம் நம்பருக்கு வந்துடுவேன் தாத்தா.”

“போல்ட்டைக் கீழே எறக்கினா டிவி ஏறுமா?”

“தூண்ல மூணு துளை எறங்கினா 15 எறங்கும். சட்டத்துல அஞ்சுலேருந்து ஒண்ணுக்கு வந்தா 16 ஏறும்.”

ஆசாரி அண்ணன் விரலை மடக்கி எண்ணினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, தூணில் குட்டியின் கண் உயரத்துக்கு நேரே ஒரு கோடு போட்டு, அதற்குப் பக்கத்தில் 1, 1 என்று எழுதிவிட்டுப் போனார்.